மூன்றாவது நாற்காலி

“…மத்ததெல்லாம் எனக்கு வேணாங்க. அத மட்டும் சொல்லுங்க. சிரிச்சாங்களா? நல்லா சிரிச்சாங்களா?”

அந்த அக்கா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அதுவும் தமிழில் கேட்டார். அதற்கு முன் ஐந்து மாதமாக, புதன்கிழமை தோறும், அந்த அறைக்குள் அவர் என்னிடம் பேசியதெல்லாம் கன்னடம். அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அவர், எதிரில் மனநல ஆலோசகரான மேடம், இருவருக்கும் நடுவே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்ட மூன்றாவதில் நான். அவர் கன்னடத்தில் சொல்வதை மேடத்துக்குத் தமிழில் சொல்வேன். மேடம் தமிழில் சொல்வதை அவருக்குக் கன்னடத்தில் சொல்வேன். அன்று என்னிடமே கேட்ட கேள்விக்கு நடுவில் ஆள் தேவைப்படவில்லை. இப்போது நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

எனக்குப் பத்தாவதுக்கு மேல் படிப்பு கிடையாது. அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள். ஊர்ப்பக்கம் மழை ஏமாற்றிய வருடங்களில் எங்கள் தெருவில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தோம். மணல் குவியலில் விளையாடும்போது வந்த கன்னடம் எனக்கு. கல்யாணம் ஆகி தர்மபுரிக்கு வந்த பிறகு அது எதற்கு உதவப் போகிறது என்று நினைத்திருந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்ததை வைத்துக்கொண்டு கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படிப்பேன். அதைவிட, மனிதர்கள் பேசுவதைக் கேட்பேன். கேட்டதில் பிடித்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். சித்தேரி மலை பஸ்ஸில் ஒரு தடவை கண்டக்டர் சொன்னார்: “எடமில்லன்னா மடியில ஒக்காருங்க. யாரு மடின்னு மட்டும் ஒரு வார்த்த கேட்டுட்டு ஒக்காருங்க.” டீக்கடைக்காரர் ஒருவர் சித்திரை வெயிலைப் பார்த்துச் சொன்னார்: “எங்கூட வர்ற நெழலுகூட இன்னிக்கி கடைக்குள்ளயே நின்னுக்கிச்சு.” இதெல்லாம் எனக்குக் கிடைத்த சொத்து மாதிரி. நாலு பேர் கூடிய இடத்தில் எடுத்துவிட்டால் போதும், எல்லோரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். திரும்பின முகங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. அந்த ஆசைதான் இந்தக் கதையில் குற்றவாளி என்று எழுத வந்தேன். இல்லை, நான்தான்.

மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தது அறையைக் கூட்டித் துடைக்கவும், வருகிறவர்களை உட்கார வைக்கவும், நேரம் குறித்துக் கொடுக்கவும்தான். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கீழே பம்பு செட் ரிப்பேர் கடை, மேலே எங்கள் அறை. மேடம் தெற்கத்திக்காரர், என்னைவிட ஆறு வயது சின்னவர். வருகிறவர்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத் திருத்துவார். “நான் டாக்டர் இல்லைங்க. மாத்திரை எழுத மாட்டேன். மாத்திரை வேணும்னு தோணுச்சுன்னா யார்கிட்ட போகணும்னு சொல்லி அனுப்புவேன். எங்கிட்ட பேச்சு மட்டும்தான்.” பேச்சுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அரூர் பக்கத்து ஆள் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனதும் உண்டு. போய், அடுத்த வாரம் அவரே மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

வருகிறவர்களுக்கு என்ன பெரிய பிரச்சினை என்று கேட்டால், ஊரில் எல்லோருக்கும் இருப்பதுதான். தூக்கம் வரவில்லை. பரீட்சை என்றால் வயிற்றைக் கலக்குகிறது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. கோபம் வந்தால் கை நீண்டுவிடுகிறது. செத்துப்போனவர் போகவே மாட்டேன் என்கிறார். நானாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் பத்து புத்திமதி சொல்லி அனுப்பியிருப்பேன். மேடம் புத்திமதியே சொல்ல மாட்டார். “எப்ப இருந்து?” என்று கேட்பார். “அதுக்கு முன்னாடி நாள் எப்படி இருந்தீங்க?” என்று கேட்பார். பிறகு அவர்கள் பேசும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் எனக்குத் தாங்காது. வாய் நமநமக்கும்.

அவரிடம் சில வழக்கங்கள் உண்டு. மலையிலிருந்து ஒரு பெரியவர் தேனும் சாமையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரியவர் முகம் சுருங்கிப்போனது. “வாங்கிக்கிட்டா அடுத்த தடவ நீங்க எங்கிட்ட கோவிச்சுக்க முடியாதுங்கய்யா. கோவிச்சுக்கிற எடமா இது இருக்கணும்” என்றார். இன்னொன்று, முதல் நாளே எல்லோரிடமும் சொல்வது: “வெளிய பஸ்லயோ சந்தையிலயோ உங்களப் பாத்தா நானா பேச மாட்டேன். நீங்களா பேசுனா பேசுவேன். இல்லன்னா நமக்குள்ள பழக்கமே இல்ல.” எங்கள் பக்கத்தில் தெரிந்தவரைப் பார்த்துப் பேசாமல் போனால் அது ஏழு ஜென்மத்துப் பகை. எனக்கு அந்த விதி பிடிக்கவேயில்லை. திமிர் என்றுகூட நினைத்தேன். என்னிடமும் அதே விதியைச் சொல்லி, உள்ளே கேட்டது உள்ளேயே இருக்க வேண்டும் என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம்.

அந்த அக்கா நல்லம்பள்ளிக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தார். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். முதல் நாள் மேடம் எதைக் கேட்டாலும் “ஆமாங்க”, “இல்லைங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஒன்று சொன்னார். அதை நான் தமிழாக்கிச் சொன்னேன்: “வேலப் பேச்சு தமிழ்ல வருமாம். மனசுப் பேச்சு வீட்டு பாஷையிலதான் வருமாம்.” அன்றுதான் மூன்றாவது நாற்காலி உள்ளே வந்தது. நானே தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். பெருமையாக இருந்தது.

அவருடைய மாமியாருக்குக் கடைசி வருடங்களில் நினைவு தப்பிவிட்டது. கதவு திறந்திருந்தால் எங்காவது நடந்து போய்விடுவார். அதனால் வீட்டில் எப்போதும் தாழ்ப்பாள். ஒரு மத்தியானம் தக்காளி பறிக்கப் போன அவசரத்தில் இந்த அக்கா வெளித் தாழ்ப்பாளைப் போடாமல் போய்விட்டார். மாமியார் வெளியேறிவிட்டார். மறுநாள் ஏரிக்கரைப் பக்கம் உயிரில்லாமல்தான் கிடைத்தார். கிழவி தானாகவே திறந்துகொண்டு போய்விட்டது என்று ஊரும் வீடும் சொன்னது. இவர் எதுவும் சொல்லவில்லை. மூன்று வருடமாகப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நாலடி நடப்பார், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி வருவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. காடு கிடக்கும், களை கிடக்கும், பஸ் போய்விடும். காப்பாற்ற உள்ளே யாரும் இல்லாத வீட்டுக்கு அத்தனை காவல்.

ஏன் திரும்பிப் போகிறீர்கள் என்று மேடம் கேட்டதற்கு அவர் சொன்னதுதான் பிறகு வெளியே போன அந்த வார்த்தை. “அத்தெ கரீத்தாரெ” என்று ஆரம்பித்தார். மாமியார் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். அந்தத் தாழ்ப்பாள் மாமியார் மாதிரியே கூப்பிடுகிறது, எத்தனை தடவை போனாலும் மறுபடி கூப்பிடுகிறது, போகாமல் இருக்க முடியவில்லை என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு, உப்பு இல்லை புளி இல்லை என்பதுபோல் சொன்னார். நான் அதைத் தமிழாக்கும்போது என் குரலில் ஒரு ருசி ஏறிவிட்டது. உதட்டோரம் ஒரு சிரிப்பும் வந்திருக்க வேண்டும். மேடம் என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவங்க கூப்பிட்டா என்ன சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டார். அந்த அக்கா அப்போதுதான் அழுதார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், எல்லோரும் போன பிறகு நோட்டை எடுத்து அந்த வார்த்தையை எழுதி வைத்தேன்.

மேடத்தின் வைத்தியம் எங்கள் அறைக் கதவிலேயே நடந்தது. உள்பக்கம் ஒரு பழைய இரும்புத் தாழ்ப்பாள். போட்டால் ‘டக்’ என்று மாடி முழுக்கக் கேட்கும். “இதப் போட்டுட்டு வந்து உக்காருங்க. திரும்பிப் பாக்காதீங்க. மனசு அடிச்சுக்கும், அடிச்சுக்கட்டும். ஏறுனது தானா எறங்கும். எறங்குற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கேன்.” முதல் புதன்கிழமை அந்த அக்கா ஒன்பது தடவை எழுந்து போனார். மேடம் தடுக்கவில்லை, குறைசொல்லவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்து, “இப்ப எவ்வளவு பயம்?” என்று கேட்பார். ஏழு தடவை, ஐந்து, நாலு என்று வாரம் போகப் போகக் குறைந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரே ஒரு தடவை எழுந்தார். போகும்போது படியில் நின்று என்னிடம் கன்னடத்தில், தீபாவளிக்குள் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் தானே சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். எப்படிச் சொல்வது, முதல் வார்த்தை எது என்று மேடத்தோடு சேர்ந்து யோசித்து வைத்திருந்தார். நாத்தனாரிடம் அதற்கு அப்புறம், புருஷனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாதா கோயில் ஹாலில் மகளிர் குழுக்கள் எல்லாம் கூடின. எங்கள் பங்கு ஆட்கள் மட்டும் இல்லை, சுற்றுவட்டாரத்து எல்லா ஊர்க் குழுவும் வந்திருந்தது. மனநலம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள், அந்த இடத்தில்தானே வேலை செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். ஆரம்பத்தில் கூட்டம் கேட்கவே இல்லை. ஒரு பக்கம் சாப்பாட்டு வாசனை, ஒரு பக்கம் குழந்தை அழுகை. “ஏ புள்ள, மைக்க வெச்சுக்கிட்டு பாடம் நடத்தாத, ஏதாவது சொல்லு” என்று முன்வரிசையில் ஒரு ஆத்தா சத்தம் போட்டார். நான் எடுத்துவிட்டேன்.

பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. சாவையும் சொல்லவில்லை. சாவைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் அல்லவா, அதனால் கவனமாக அதை வெட்டிவிட்டேன். இப்படிப் பத்திரமாக வெட்டியதாக மேடையில் நிற்கும்போது நான் உண்மையாகவே நம்பினேன். சாவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மாமியாரும் தாழ்ப்பாளும்தான். மாமியார் என்ற வார்த்தைக்கே பாதி ஹால் சிரிக்கத் தயாராக இருந்தது. நான் மேடையில் சொன்ன விதத்தில் அதை இங்கே எழுதப் போவதில்லை. கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினேன் என்பது மட்டும் போதும். ஹால் அதிர்ந்தது. சத்தம் போட்ட ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்தான் அந்த அக்காவின் நாத்தனார். செத்துப்போனவரின் மகள். அண்ணி நாற்பது தடவை கதவைப் பார்ப்பதைக் கண்ணால் கண்டவர். புதன்கிழமை தோறும் அண்ணி தர்மபுரிக்குப் போவதும் அவருக்குத் தெரியும். நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்: “எங்கம்மா ஒன்ன எதுக்குக் கூப்புடுது? நீ என்ன பண்ணுன?”

அடுத்த புதன்கிழமை அந்த அக்கா வரவில்லை. “ஏன் வரலைன்னு தெரியுமா?” என்று மேடம் கேட்டார். “பஸ்ஸு கிடைச்சிருக்காதுங்க” என்றேன். அப்போது எனக்கு நாத்தனார் விஷயம் தெரியாது. ஆனால் ஹால் நினைவு வந்ததும், வந்ததை நான் அமுக்கியதும் நிஜம். அதற்கு அடுத்த வாரம் அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. மேடம் உள்ளே பேசிவிட்டு வெளியே வந்தார். “நம்ம ரூம்ல சொன்னது அவங்க நாத்தனார் காதுக்கு எப்படிப் போச்சுன்னு கேக்கறாங்க.” நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். சொல்லிவிட்டு, பேரே எடுக்கலைங்க மேடம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதைச் சேர்த்ததுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “உள்ள வெச்சுக்கணும்னு உங்ககிட்ட சொன்னேன். ஏன்னு சொல்லல. உங்கள அந்த நாற்காலியில உக்கார வெச்சது நான். அதனால தப்பு என் பேர்லதான் முதல்ல” என்றார். அவருக்கும் ஒரு மூத்தவர் உண்டு, மாதம் ஒரு தடவை தன் வேலையைப் பற்றி அவரிடம் போனில் பேசுவார். அன்று மாதக் கணக்குப் பார்க்கவில்லை. உடனே கூப்பிட்டு, நடந்ததைத் தன் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கட்டும் என்றா, கேட்டாலும் பரவாயில்லை என்றா தெரியாது, கதவை மூடவில்லை. நான் அந்த அக்காவின் ஊருக்குப் போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். “போய் நின்னா இன்னும் நாலு பேருக்குத் தெரியும். உங்க மனசு ஆறும், அவங்களுக்கு என்ன கெடைக்கும்?” என்றார். நோட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன், நீங்களே கிழித்துப் போடுங்கள் என்று. அவர் தொடவில்லை. “இது என்னுது இல்ல. உங்களுதும் இல்ல.”

இதையெல்லாம் இப்போது எழுதுகிறாயே, இது மட்டும் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். பல வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சந்தையில் அந்த அக்காவைப் பார்த்தேன். பார்த்ததும் விதி நினைவுக்கு வந்தது. வெங்காயக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன். அவராக வந்து, “என்னங்க, கண்ணு தெரியலையா?” என்றார். உடம்பை விசாரித்தேன். நாத்தனார் இன்னும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை என்று அவராகவே சொன்னார். சொல்லிவிட்டுத் தக்காளி விலைக்குப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் மேடம் மூலமாக, எழுதலாமா என்று கேட்டு அனுப்பினேன். வந்த பதில்: “ஊர மாத்திக்கச் சொல்லுங்க. சிரிக்கிற மாதிரி மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க.” ஊரை மாற்றிவிட்டேன். வேறு சிலதையும் மாற்றிவிட்டேன். மற்றொன்றைக் காப்பாற்றினேனா என்று படிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்றும் மேடத்திடம்தான் இருக்கிறேன். ஏன் அனுப்பவில்லை என்று நான் கேட்டதில்லை. கன்னடத்துக்கு இப்போது ஓசூரிலிருந்து முறையாகப் பயிற்சி எடுத்த ஒருவர் வருகிறார். சொன்னதை மட்டும் சொல்கிறார், ருசி சேர்ப்பதில்லை. நான் மாடிப்படிக்கு நேரே, கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நோட்டில் அறைக்குள் கேட்டதெல்லாம் போய்விட்டது. கண்டக்டரும் டீக்கடைக்காரரும் மட்டும் இருக்கிறார்கள். கூட்டங்களுக்கு இப்போதும் கூப்பிடுகிறார்கள், போவதில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சில நேரம் அழுகை கேட்கும், சில நேரம் சிரிப்பும் கேட்கும். அந்தப் போனுக்குப் பிறகு அந்த அக்கா கடைசியாக ஒரு தடவை வந்த புதன்கிழமையில், கதவு மூடிய பிறகு தாழ்ப்பாள் எத்தனை தடவை சத்தம் போட்டது என்று யாராவது கேட்டால் சொல்ல மாட்டேன். அது உள்ளே நடந்தது.

மூடுவதற்கு முன் நடந்தது மட்டும் என்னுடையது. அன்று மேடம் அவரை உட்கார வைத்து, என்னையும் என் இடத்தில் உட்கார வைத்து, நேராகச் சொன்னார்: வெளியே போனது எங்கள் அறையிலிருந்துதான், தப்பு எங்களுடையது. தன்மேல் புகார் கொடுக்க விருப்பப்பட்டால் எங்கே கொடுப்பது என்று எழுதித் தருவதாகவும், இனி இங்கே வரப் பிடிக்கவில்லை என்றால் கன்னடம் தெரிந்த இன்னொருவரிடம் தானே பேசி அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். பழக்கதோஷத்தில் நான் அதைக் கன்னடமாக்க வாயைத் திறந்தேன். அந்த அக்கா கையை உயர்த்தினார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். சிரிச்சாங்களா, நல்லா சிரிச்சாங்களா.

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. மேடம் என் பக்கம் திரும்பவில்லை, உதவிக்கு வரவில்லை.

“ஆமாங்கக்கா. நல்லா சிரிச்சாங்க.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். வெகுநாளாகத் தெரிந்துகொள்ள நினைத்த ஒன்றைத் தெரிந்துகொண்டவர் மாதிரி இருந்தது. பிறகு மேடத்திடம், “எனக்கு வர்ற தமிழே போதும்ங்க” என்றார். நான் எழுந்தேன். நாற்காலியைத் தூக்கினேன். அவரே எழுந்து வந்து அதை என் கையிலிருந்து வாங்கி, தூக்கிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே சுவரோரமாக, ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்து வைத்தார். நான் அதன் பக்கத்தில் போய் நின்றதும் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார்.